ஒரு பவுண் தொண்ணூற்றொன்பது

அம்மாவுக்குப் பவுண் என்றால் நகைதான். காப்பு மூன்று பவுண், கொடி பதினொரு பவுண் என்று யாழ்ப்பாணத்தில் பேசிப் பழகிய வாய். 1987 இல் நாங்கள் லண்டன் டூட்டிங்குக்கு வந்து சேர்ந்த இரண்டாம் வாரம், சித்தப்பா ஒரு கசெட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, "ஒரு பவுண் தொண்ணூற்றொன்பதடா, கவனமா வச்சிரு" என்றார். அம்மா திடுக்கிட்டுப் போனாள். "உந்தப் பிளாஸ்ரிக் பெட்டிக்கோ ரெண்டு பவுண்?" சித்தப்பா சிரித்துவிட்டு, இந்த ஊர்ப் பவுண் தங்கமில்லை, காசு என்று விளங்கப்படுத்தினார். அதன் பிறகும் அம்மா அந்தக் கசெட்டை அலுமாரியின் மேல்தட்டில் நகையோடுதான் வைத்தாள். நான் கேட்டால் எடுத்துத் தருவாள், விளையாடி முடிந்ததும் திருப்பி வாங்கி வைப்பாள்.

சித்தப்பா வேலை செய்தது ஒரு குஜராத்திக்காரரின் பேப்பர் கடை. பேப்பர், பால், சிகரெட், மிட்டாய், பிறந்தநாள் கார்ட். கல்லாவுக்குப் பக்கத்தில் சுற்றினால் சுழலும் ஒரு கம்பித் தட்டு. அதில் கேம் கசெட்டுகள் அடுக்கியிருக்கும். அந்த நாளில் பெரிய கடைகளில் ஒரு கேம் எட்டு, ஒன்பது பவுண் விற்றது. எங்களைப் போன்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிற விலை அது. பேப்பர் கடைத் தட்டில் இருந்தவை 1 பவுண் 99 பென்ஸ். பால் வாங்க வந்த பிள்ளை மிச்சக் காசைச் சேர்த்து வைத்து, மூன்றாம் வாரம் ஒன்றை வாங்கிக்கொண்டு போகலாம். தட்டை நிரப்பியவர்கள் பலர். என் கண் போனது ஒரு பெயருக்குத்தான்: கோட்மாஸ்டர்ஸ்.

எங்களிடம் இருந்தது பழைய சாமான் சந்தையில் வாங்கிய ஸ்பெக்ட்ரம் 48கே என்ற கம்ப்யூட்டர். கருப்பு உடம்பு, சாம்பல் நிற ரப்பர் விசைகள், மூலையில் வானவில் கோடு. ஜே விசையை அழுத்தினால் லோட் என்ற சொல் முழுதாக வந்து விழும். பிறகு சிம்பல் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு பீயை இரண்டு முறை. அதன் பிறகுதான் டேப் ரெக்கார்டரில் பிளே. முதலில் ஒரே சுருதியில் நீண்ட கூவல் வரும், திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் ஓடும். கூவல் கரகரப்பாக மாறியதும் பட்டைகள் மஞ்சளும் நீலமுமாக மெலிந்து துடிக்கும். நடுவில் ஒரு படம் கருப்பு வெள்ளையில் வரிவரியாக எழுந்து, கடைசியில் மேலிருந்து கீழாக நிறம் பூசிக்கொள்ளும். ஐந்து நிமிடம் மூச்சுக் காட்டக் கூடாது. யாரும் தடதடவென்று நடக்கக் கூடாது.

பல நாள் பாதியில் நின்றுவிடும். தப்பு எங்கள் ரெக்கார்டருடையது. அதன் தலையில் எங்கோ வேறு வீட்டுப் பாட்டுகளின் அழுக்குப் படிந்திருந்தது. அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த ஓடிக்கொலோனில் பஞ்சை நனைத்து சித்தப்பா துடைப்பார். சத்தம் கூடினாலும் ஏறாது, குறைந்தாலும் ஏறாது. சரியாக ஏறுகிற இடத்தைக் கண்டுபிடித்த நாளில் அம்மா தன் நெற்றியிலிருந்து ஒட்டுப்பொட்டை எடுத்து, சத்தம் திருகுகிற குமிழுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். "இந்தப் பொட்டுக்கு நேரா வச்சா உன்ரை முட்டை வரும்." முட்டை என்று அவள் சொன்னது டிஸியை.

அந்தக் கேமின் நாயகன் டிஸி ஒரு முட்டை. முகமே உடம்பு. சிவப்புக் கையுறை, சிவப்புச் சப்பாத்து. குதித்தால் காற்றில் குட்டிக்கரணம் அடிக்கும். அதை உருவாக்கியவர்கள் பிலிப் ஆலிவர், ஆண்ட்ரூ ஆலிவர் என்ற இரட்டையர்கள். இங்கிலாந்தின் மேற்கே ட்ரோபிரிட்ஜ் என்ற சிற்றூரில், பெற்றோர் வீட்டு அறையில் உட்கார்ந்து எழுதினார்கள். முகம் பெரிதாக இருந்தால்தான் அந்தச் சின்னத் திரையில் பாவனை தெரியும் என்று உடம்பை விட்டுவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். படம் வரைய அவர்களே எழுதி வைத்திருந்த ஒரு கருவி உருவத்தைச் சுற்றித் திருப்பிக் காட்டும். அதனால் குட்டிக்கரணம் வந்தது. நினைவு இடம் குறைவு என்ற நெருக்கடியில் பிறந்த உருவம் அது. எனக்கு அது அப்போது தெரியாது. அறிமுகமில்லாத தெருக்களில் ஒரு கையில் ஒரு சாமானோடு அலைகிற ஒருவன், தெரியாதவர்களிடம் அதைக் கொடுத்து வழி வாங்கிக்கொண்டு போகிறான் என்பது மட்டும் தெரிந்தது. அதற்குப் பதினொரு வயதில் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அடுத்த வருடம் வந்த டிரெஷர் ஐலண்ட் டிஸியில் ஒரே ஒரு உயிர்தான். தொட்டால் முடிந்தது, திரும்ப முதலிலிருந்து. அந்தத் தீவை நான் கடைசிவரை கடக்கவில்லை.

கசெட்டின் உள்தாளை எழுத்துக்கூட்டி வாசித்துத்தான் நான் ஆங்கிலம் படித்தேன் என்று சொல்லலாம். எல்லாப் பெயரிலும் ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கும்: பிஎம்எக்ஸ் சிமுலேட்டர், கிராண்ட் பிரி சிமுலேட்டர், ஜெட் பைக் சிமுலேட்டர். சிமுலேட்டர் என்றால் என்ன என்று பள்ளி ஆசிரியையிடம் கேட்டேன். உண்மையைப் போலச் செய்து காட்டுவது என்றார். எழுதியவர் பெயர் அந்தத் தாளிலேயே இருக்கும். ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு விலாசம்: பான்பரி, ஆக்ஸ்போர்ட்ஷயர். பள்ளி நூலகத்து வரைபடத்தில் அதைத் தேடிப் பிடித்தேன். லண்டனிலிருந்து விரலால் ஒன்றரை அங்குலம். அந்த ஒன்றரை அங்குலம் எனக்குப் பெரிய காரியமாக இருந்தது. டிவியில் தெரிகிறவை எல்லாம் யாரோ எங்கோ செய்வது என்று இருந்தவனுக்கு, இதை இன்னார், இந்தத் தெருவிலிருந்து அனுப்புகிறார்கள் என்று ஒரு தாள் சொன்னது.

அனுப்பியவர்களும் பையன்கள்தான். டேவிட் டார்லிங், ரிச்சர்ட் டார்லிங் என்ற சகோதரர்கள் 1986 இல் தங்கள் அப்பா ஜிம்மோடு சேர்ந்து கம்பெனியைத் தொடங்கியபோது இருவருக்கும் வயது இருபதைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. அதற்கு முன் கனடாவில் இருந்த காலத்தில் கம்ப்யூட்டர் பழகி, இங்கிலாந்துக்கு வந்த பிறகு பள்ளி நாள்களிலேயே கேம் எழுதி, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, தபாலில் விற்றவர்கள். பிறகு மலிவு விலைக் கசெட்டுகளைப் பேப்பர் கடைகளுக்குள் கொண்டுபோன மாஸ்டர்டிரானிக் என்ற நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். கொஞ்சக் காலத்தில், நாமே போடலாம் என்று தனியே வந்துவிட்டார்கள். அதே விலை, அதே கம்பித் தட்டு. ஒரு கண்காட்சியில் ஆலிவர் இரட்டையர்கள் ரிச்சர்டைச் சந்தித்தார்கள். ஒரு கேம் எழுதித் தாருங்கள், பத்தாயிரம் பவுண் தருகிறோம் என்று சொல்லப்பட்டதை அந்த இரட்டையர்கள் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போய் ராப்பகலாக எழுதிக் கொடுத்தது சூப்பர் ராபின் ஹூட். அதன் பிறகுதான் முட்டை.

விற்கிற பொருள் மலிவு என்பதால் அக்கறை குறைவு என்று பலர் அன்று நினைத்தார்கள். பள்ளியில் ஒன்பது பவுண் கேம் வைத்திருந்த பையன்கள் என் கசெட்டைப் பார்த்து உதட்டைச் சுழித்தார்கள். அவர்களுடைய பெட்டி பெரிது, படம் அழகு. உள்ளே இருந்த கேம் பல சமயம் என்னுடையதைவிடச் சிறிதாக இருந்தது. நான் இன்றும் அதை உறுதியாகச் சொல்வேன்.

இந்தச் சின்னக் கம்பெனி 1990 இல் செய்த ஒரு வேலை நீதிமன்றம் வரை போனது. கேம் ஜீனி என்று ஒரு சாதனம். நின்டென்டோ பெட்டிக்கும் கேம் கார்ட்ரிட்ஜுக்கும் நடுவில் செருகுவது. ஒரு குறியீட்டை அடித்தால், கார்ட்ரிட்ஜிலிருந்து பெட்டி வாசிக்கிற எண்ணில் ஒன்றை வழியில் மறித்து மாற்றிக் கொடுக்கும். மூன்று உயிர் முப்பதாகும், உயரம் தாண்டாதவன் தாண்டுவான். கார்ட்ரிட்ஜ் தொடப்படுவதில்லை. கழற்றினால் எல்லாம் பழையபடி. அமெரிக்காவில் அதை விற்க முன்வந்தது கலூப் என்ற பொம்மைக் கம்பெனி. நின்டென்டோ வழக்குப் போட்டு விற்பனையை நிறுத்தி வைத்தது. 1991 இல் கலிபோர்னிய நீதிமன்றம் கலூப் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1992 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வாங்கிய கேமை வீட்டில் தன் விருப்பப்படி விளையாடுகிறவன் புதிதாக எதையும் படைத்துவிடவில்லை, அது திருட்டும் இல்லை என்பதுதான் சாரம். தடுத்து வைத்த காலத்துக்கு நின்டென்டோ கட்டிய ஈட்டுத் தொகை 15 மில்லியன் டாலர்.

அந்தத் தீர்ப்பை நான் ரொம்பப் பின்னால்தான் வாசித்தேன். வாசித்தபோது டிரெஷர் ஐலண்டின் ஒற்றை உயிர் நினைவுக்கு வந்தது. ஒரே உயிரோடு பிள்ளைகளைத் தீவுக்கு அனுப்பிய அதே கம்பெனி, இரண்டு வருடம் கழித்து வேண்டுமளவு உயிர் தருகிற பெட்டியைச் செய்து, உலகின் மிகப் பெரிய விளையாட்டுக் கம்பெனியை எதிர்த்து நின்றிருக்கிறது. அதே காலத்தில் நின்டென்டோவின் அனுமதிச் சிப்பைத் தடுமாற வைக்கிற சுற்றைக் கார்ட்ரிட்ஜுக்குள் வைத்து, அனுமதி இல்லாமலே கேம்களையும் வெளியிட்டார்கள். யாருக்கும் கீழே இல்லை என்று இருப்பது அந்தச் சகோதரர்களுக்கு வீம்பு அல்ல. அது அவர்கள் வேலை செய்கிற முறை.

1994 இல் எங்கள் வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர் இருந்தோம். சித்தி, மாமா குடும்பம், ஊரிலிருந்து புதிதாக வந்த இரண்டு மச்சான்மார். கேம் பெட்டி சேகா மெகா டிரைவ். அதில் கையால் பிடிக்கிற பேடுக்கு இரண்டு துளைதான். கோட்மாஸ்டர்ஸ் அந்த வருடம் ஜே-கார்ட் என்று ஒன்று கொண்டுவந்தது. கார்ட்ரிட்ஜின் உடம்பிலேயே இன்னும் இரண்டு துளை. வேறு எந்தச் சாமானும் வாங்க வேண்டாம், நாலு பேர் ஆடலாம். மைக்ரோ மெஷின்ஸ் இரண்டாம் பாகம் அப்படித்தான் வந்தது. கையளவு பொம்மைக் கார்கள் வீட்டுக்குள்ளேயே பந்தயம் ஓடும். திரையை விட்டுப் பின்தங்குகிறவன் புள்ளி இழப்பான். எல்லாரும் ஒரே திரையில், ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு. ஊரில் ஷெல் சத்தம் கேட்டு வளர்ந்து, மூன்று வாரமாக யாரோடும் கதைக்காமல் இருந்த சின்ன மச்சான், அன்று இரவு என் காரைச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு, "போய்ட்டாய்!" என்று கத்தினான். சித்தி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். அவன் குரலை அந்த வீட்டில் நாங்கள் முதன்முதல் உரக்கக் கேட்டது அப்போதுதான். அந்தத் துளைகள் இரண்டையும் யார் யோசித்தார்களோ, அவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்த வருடம் ஜூன் மாதம் இன்னொன்று நடந்தது. கம்பெனி பான்பரியிலிருந்து சற்று வடக்கே, வார்விக்ஷயரில் சவுதம் என்ற ஊருக்குப் பக்கத்துப் பண்ணை வீட்டுக்கு எப்போதோ போயிருந்தது. அதே வார்விக்ஷயர் அணிக்காக பிரையன் லாரா 1994 ஜூன் 6 அன்று டர்ஹாமுக்கு எதிராக 501 ஓட்டம் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். 427 பந்து, 62 நான்கு, 10 ஆறு. கடையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பாவும் முதலாளியும் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடம் அவர் பெயரில் ஒரு கிரிக்கெட் கேம் வந்தது. செய்தது ஆடியோஜெனிக் என்ற சிறு குழு, போட்டது கோட்மாஸ்டர்ஸ். கிரிக்கெட் விளையாட்டுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெரிய சந்தை இல்லை. ஆனாலும் சவுதம்காரர்கள் 2007 வரை லாரா பெயரை விடவில்லை. நாங்கள் இலங்கையாகவே ஆடுவோம். 1996 உலகக் கோப்பைக்கு முன்பே எங்கள் கூடத்தில் இலங்கை பலமுறை வென்றுவிட்டது.

படிப்பு முடித்து நான் வான் ஓட்டப் போனேன். தெற்கு லண்டன் மொத்தக் கடையிலிருந்து முருங்கைக்காய், கருவேப்பிலை, சிவப்பரிசி, உறைந்த மீன் ஏற்றிக்கொண்டு பர்மிங்காம், கவென்ட்ரி கடைகளுக்கு. விடியற்காலை மூன்று மணிக்கு எம்-40. அந்தச் சாலை 1991 இல்தான் பர்மிங்காம் வரை திறந்திருந்தது. பான்பரி பலகையைக் கடக்கிறபோது ஒவ்வொரு முறையும் கசெட் தாளின் பொடி எழுத்து கண்ணில் வரும். ஒருநாள் நெடுஞ்சாலையில் நெரிசல் என்று பழைய ஏ-423 வழியாக இறங்கி சவுதம் போனேன். வேலி மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி நிற்கிற குறுகிய கிராமச் சாலை. மழை. வளைவுக்கு அப்பால் என்ன என்று தெரியாது.

அந்தச் சாலையை நான் முன்பே ஓட்டியிருந்தேன் என்று தோன்றியது. 1998 இல் கோட்மாஸ்டர்ஸ் கொண்டுவந்த காலின் மெக்ரே ராலி கேமில். மெக்ரே ஸ்காட்லாந்துக்காரர், 1995 இன் உலக ராலி சாம்பியன், நீலச் சுபாரு. கேமில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிற நிக்கி கிரிஸ்ட், நிஜத்திலும் அவரோடு ஓடியவர், குரலும் அவருடையதே. இடது, வலது, வளைவு எவ்வளவு, மேடு, கவனம். சாலை கண்ணுக்குத் தெரிவதற்கு முன் அவர் குரலில் வந்துவிடும். குரலை நம்பிக் காலை எடுக்காமல் போக வேண்டும். நம்பாதவன் மரத்தில் மோதுவான். விடியற்காலையில் தனியாக வண்டி ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து இருக்கையில் அப்படி ஒரு குரல் எவ்வளவு பெரிய துணை என்பதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஆளில்லாத சாலையில் நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன்: வலது, நீளம், மேடு, கவனம்.

2007 செப்டம்பர் 15. மெக்ரே தன் ஹெலிகாப்டரைத் தானே ஓட்டிக்கொண்டு லனார்க்கில் வீட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது விழுந்து இறந்தார். கூட இருந்த மூவரில் ஒருவன் அவருடைய மகன், ஐந்து வயது. செய்தியைக் கேட்ட நான் வானை ஓரங்கட்டி நிறுத்தினேன். 2009 இல் வந்த அடுத்த ராலிக் கேமில் அவருக்கு அஞ்சலியாக ஒரு பகுதி இருந்தது. அதற்குப் பிறகு பெயர் அட்டையிலிருந்து போனது. டர்ட் என்ற சொல் மட்டும் நின்றது.

அதே காலத்தில் சகோதரர்களும் கம்பெனியை விட்டுப் போய்விட்டார்கள். பெரிய முதலீட்டாளர்கள் வந்திருந்தார்கள். ஃபார்முலா 1 உரிமம் வந்தது, பர்மிங்காமில் தனி ஸ்டூடியோ வந்தது. 2010 ஏப்ரலில் பாதிப் பங்கை வாங்கியது அனில் அம்பானியின் ரிலையன்ஸ். அன்று மாலை சித்தப்பாவுக்கு அவருடைய பழைய முதலாளி போன் பண்ணினார். கடையை விற்று, ஓய்வெடுத்து, காது மந்தமாகிவிட்டிருந்த மனிதர். "நம்ம தட்டில் இருந்த கம்பெனி! நம்ம ஊர்க்காரர் வாங்கிவிட்டார்!" என்று சந்தோஷத்தில் கத்தியது பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது. கசெட் ஒன்றுக்கு அவருக்குச் சில பென்ஸ் மிஞ்சியிருக்கும். அதில் எத்தனை ஆயிரம் விற்றிருப்பார் என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் கஷ்ட காலமும் வந்தது. 2014 இல் ஃப்ராங்க் சானியே தலைமைக்கு வந்து கார்ப் பந்தயத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினார். 2018 இல் லண்டன் பங்குச் சந்தையின் ஏஐஎம் பிரிவில் ஒரு பங்கு 200 பென்ஸ் என்று வந்தது. அந்த எண்ணைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். கசெட் விலைக்கு ஒரு பென்ஸ் கூட. ஆயிரம் பவுண் போட்டு வாங்கு என்றான் மச்சான், சாப்பாட்டு மேசைக்குக் கீழே என்னைத் தள்ளிய அதே மச்சான், இப்போது வங்கியில் வேலை. நான் வாங்கவில்லை. 2020 நவம்பரில் அமெரிக்காவின் டேக்-டூ விலை பேசியது. டிசம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதற்கு மேல் போனது: பங்கு ஒன்றுக்கு 604 பென்ஸ், மொத்தம் 1.2 பில்லியன் டாலர். 2021 பிப்ரவரி 18 அன்று கை மாறியது. பங்குகள் கை மாறினாலும் தனிக் கம்பெனியாகவே நின்ற அது, அன்று ஒரு பெரிய கம்பெனியின் ஒரு பகுதியானது.

அதை நான் சாவுச் செய்தி போல எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பண்ணை வீட்டைச் சுற்றி முளைத்தவற்றையும் பார்க்க வேண்டும். பக்கத்து லெமிங்டன் ஊரை சிலிக்கன் ஸ்பா என்றே சொல்கிறார்கள். அங்கே இருக்கிற ஸ்டூடியோக்கள் பலவற்றின் வேர் சவுதமில். ஃபோர்ட்சா ஹொரைசன் செய்கிற பிளேகிரவுண்ட் கேம்ஸை 2010 இல் தொடங்கியவர்கள் இங்கிருந்து போனவர்கள். அதை 2018 இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. டேவிட் டார்லிங் 2011 இல் குவாலீ என்று போன் கேம் கம்பெனி தொடங்கினார், அது பெங்களூரிலும் ஒரு ஸ்டூடியோ திறந்தது. ஆலிவர் இரட்டையர்களும் லெமிங்டனில் பெரிய ஸ்டூடியோ நடத்தி, 2013 இல் மூடி, மறுபடி ஒன்று தொடங்கினார்கள். அதை 2018 இல் வாங்கியது ஆக்ஸ்போர்டின் ரிபெலியன், 1992 இலிருந்து கிங்ஸ்லி சகோதரர்கள் தங்கள் சொந்தக் கையிலேயே வைத்திருக்கிற நிறுவனம்.

என் மகளுக்கு ஃபார்முலா 1 பிடிக்கும். வருடந்தோறும் வந்த கேம்கள் 60 பவுணைத் தொட்டன. நாங்கள் வாங்குகிறதில் பெட்டி இல்லை, தாள் இல்லை. இரவில் இறங்க விட்டால் காலையில் தயார். திறந்ததும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் சின்னம், பிறகு ஒரு கணம் கோட்மாஸ்டர்ஸ் சின்னம். அவள் ஒரு விசையைத் தட்டி இரண்டையும் கடந்துவிடுவாள். கேம் அற்புதம். மழை பெய்கிற தடத்தில் டயர் பிடி விடுகிறதை விரலில் உணர முடிகிறது, அந்தப் பொறியாளர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் எழுதினவர் பெயரைப் பார்க்க மெனுவில் மூன்று படி இறங்க வேண்டும். இறங்கினால் ஓடிக்கொண்டே இருக்கிற நூற்றுக்கணக்கான பெயர்கள். விலையும் விலாசமும், என்னை உள்ளே விட்ட இரண்டு கதவுகளும், அங்கே இல்லை.

2025 ஏப்ரல் கடைசியில், இனி வருகிற ராலிக் கேம்களுக்கான திட்டங்களை நிறுத்தி வைப்பதாகக் கோட்மாஸ்டர்ஸ் அறிவித்தது. மெக்ரேயிலிருந்து எண்ணினால் 27 வருடம். செப்டம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸையே சவூதி அரசின் முதலீட்டு நிதியும் கூட்டாளிகளும் 55 பில்லியன் டாலருக்கு வாங்க ஒப்பந்தமானது. அந்தக் கணக்கில் சவுதம் எத்தனையாவது தசமப் புள்ளியில் இருக்கும் என்று நான் தேடிப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் கவென்ட்ரிக்குச் சாமான் கொண்டுபோனபோது வேண்டுமென்றே ஏ-423 இல் இறங்கினேன். மழை இல்லை. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஓட்டினேன்: இடது, மேடு, கவனம்.

2020 டிசம்பருக்குத் திரும்பப் போகிறேன், அந்த ஒரு மாதத்தை நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். 1.2 பில்லியன் செய்தி வந்த அதே மாதம் ஆலிவர் இரட்டையர்கள் புதிதாக ஒரு டிஸி கேம் வெளியிட்டார்கள். பழைய ஸ்பெக்ட்ரத்துக்காகவே எழுதியது. விலை இல்லை, யாரும் இறக்கிக்கொள்ளலாம். கொரோனாவால் லண்டன் பூட்டியிருந்தது. சாமான் வண்டிக்கு மட்டும் தடை இல்லை என்பதால் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், பள்ளி விடுமுறை என்பதால் மகள் வீட்டில் இருந்தாள், பதின்மூன்று வயது. அவளுடைய மடிக்கணினியில் ஸ்பெக்ட்ரம் மாதிரியைப் போட்டு, கேமை ஏற்றினாள். கண்மூடித் திறப்பதற்குள் திரையில் முட்டை நின்றது.

"இப்படி வராது," என்றேன்.

"எப்படி வரும் அப்பா?"

உள்ளே தேடி, கசெட் வேகத்தில் ஏற்றுகிற அமைப்பைக் கண்டுபிடித்தாள். ஜே எங்கே, சிம்பல் ஷிஃப்ட் எங்கே என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, என் விரல் தானாகப் போனது. கூவல் எழுந்தது. சிவப்பும் வெளிர்நீலமும் ஓடின. பக்கத்து அறையில் அம்மா படுத்திருந்தாள். எழுபதைத் தாண்டியவள், பெயர்கள் மறந்துபோகத் தொடங்கியிருந்த காலம். சத்தம் கேட்டு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். கரகரப்பு மாறி மஞ்சளும் நீலமும் துடித்தன.

"சத்தம் கூடிப்போச்சு," என்றாள் அம்மா. "பொட்டுக்கு நேரா வை."

மகள் என்னைப் பார்த்தாள். நான் எட்டி ஒலியைக் கொஞ்சம் குறைத்தேன். மூன்று பேரும் அசையாமல் இருந்தோம், இன்னும் நாலு நிமிடம் இருந்தது.